புழுவும் சரிவும்

கடல்மட்டம் உயர்வதனால் தீவுவாழ் மக்களின் உடல்நலத்துக்கு நேரும் கேடுகளைப் பற்றி இன்று உலகெங்கும் பேச்சு நடக்கிறது. இலங்கையும் ஒரு தீவே. ஆயினும் அதன் நடுவே, நாலாயிரம் முதல் ஆறாயிரம் அடி உயரத்தில், அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் மக்களைக் கடலோடு சேர்த்து எண்ணுவார் இல்லை. கடலை உயர்த்தும் அதே வெப்பந்தான் காற்றில் நீரை மிகுதியாக ஏற்றி, மலைச்சரிவில் பெருமழையாகக் கொட்டுகிறது. அந்த மழை விழுகின்ற கூரையின் சரித்திரத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக அழைத்து வரப்பட்ட தமிழ்த் தொழிலாளர், மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. பின்னர் தனிமைப்படுத்தும் முகாம்கள் வந்தன. மண்டபம் முகாம் 1917இல் தொடங்கிற்று. அங்கே மருத்துவர்கள் ஆட்களைப் பரிசோதித்தார்கள். நோயாளியின் நலத்தைவிட, நோய் தோட்டத்துக்குள் நுழையாதிருப்பதே அங்கு முதற் கவலை.

1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டத்தையும் இவ்வாறே பார்க்க வேண்டும். தோட்டப் பகுதிகளில் மருத்துவ வசதிக்குச் சட்டம் வழி செய்தது உண்மை. செலவைத் தாங்குவது யார் என்ற வழக்கோ பல்லாண்டு நீடித்தது. 1912இல் சட்டத்தை மீண்டும் திருத்தி எழுத நேர்ந்தது.

இந்தச் சரித்திரத்தில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் 1916. அவ்வாண்டு அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. கொக்கிப்புழு குடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். அதன் முட்டை மலத்தோடு வெளியேறி ஈரமண்ணில் பொரிக்கும். புழுக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து மீண்டும் உடலுக்குள் ஏறும். செருப்பில்லாத கால், நிழல் படிந்த ஈரநிலம், மலகூடம் இல்லாத லயன் ஆகிய மூன்றும் தோட்டத்தில் ஒருங்கே இருந்தன. சோகை பிடித்த தொழிலாளியைச் சோம்பேறி என்று துரை திட்டினார். அவனுடைய சோம்பல் குடலில் இருந்தது!

மருந்து கொடுத்தார்கள், புழு இறங்கிற்று. ஆனால் மலகூடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் சில மாதங்களில் புழு திரும்பிவிடும் என்பதை இயக்கத்தின் மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்தனர், வற்புறுத்தவும் செய்தனர். தோட்ட முதலாளிகளில் பலர் தயங்கினர். மருந்து மலிவு, உடனே பலன் தருவது. மலகூடமோ கட்டடச் செலவு. கூலியாட்கள் அதை உபயோகிக்க மாட்டார்கள் என்ற சாக்கும் ஆயத்தமாக இருந்தது. இது மலையகச் சுகாதாரத்தின் முழுக்கதைக்கும் சாவி என்பது நமது கருத்து. உழைக்கும் உடலைப் பழுதுபார்க்கப் பணம் கிடைத்தது. அந்த உடல் உறங்கும் இடத்தை மாற்றக் கிடைக்கவில்லை.

அந்த இடம் எது? ஏறத்தாழ 10க்கு 12 அடி உள்ள ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். அதற்குள்ளேயே சமையல், பிரசவம், சாவு. குளிருக்காகக் கதவை அடைத்தால் விறகுப்புகை உள்ளே தங்கிக் குழந்தைகளின் நெஞ்சைக் கெடுக்கும்.

தொழிலாளி தானே ஒரு வீடு கட்டிக்கொள்ளக் கூடாதா என்று நண்பர்கள் கேட்கலாம். எந்த நிலத்தில்? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குச் சென்றது. இத்தனை கைமாற்றங்களிலும் லயன் தோட்டத்தோடு சேர்ந்தே கைமாறிற்று. குடியிருப்பவன் கையில் உறுதிப்பத்திரம் இல்லை. அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச்சஸ் நிலத்தோடு சில ஆயிரம் வீடுகள் எழுந்துள்ளன. லயன்களின் தொகைக்கு முன் அவை சொற்பம்.

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள்மீது மலை சரிந்தது. அந்நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்றுநிலம் இல்லை. மருந்து இருந்தது, மலகூடம் இல்லை என்ற 1916இன் கதையை நண்பர்கள் நினைவுகூர்வார்களாக. உயிர் தப்பிய குடும்பங்கள் மூடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் நெடுங்காலம் தங்க நேர்ந்தது.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. கடலிலிருந்து எழுந்த அப்புயலில் நாடெங்கும் மாண்டோர் 600க்கும் மேற்பட்டோர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மண்சரிவுகளே அவர்களிற் பெரும்பகுதியினரைக் கொண்டு சென்றன. மலையகத்தில் பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. அம்முகாம்களுக்கு வந்த மருத்துவர்கள் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து கொடுத்தார்கள். முகாம் கலைந்த பின் எந்த நிலத்துக்குத் திரும்புவது என்று அங்கிருந்த தாய்மார் கேட்ட கேள்விக்கு மருத்துவரிடம் விடை இருக்க நியாயமில்லை.