மூளை, பேச்சு, செவித்திறன்: மருத்துவ ஆய்வில் சேரச் சொன்னால் நாம் கேட்க வேண்டியவை

பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதியில் ஒரு வீட்டில் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டாலும், பிறந்த குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தாலும், மேல் சிகிச்சைக்கு நாம் பெரும்பாலும் பெங்களூருக்கோ வேலூருக்கோ மைசூருக்கோ செல்கிறோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 1974-இல் உருவானது. 1994-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும், 2012-இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாகவும் அறிவிக்கப்பட்டது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் உள்ளது. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இவை வெறும் மருத்துவமனைகள் அல்ல. பாடம் நடக்கும், ஆராய்ச்சியும் நடக்கும் இடங்கள். ஆகவே சிகிச்சைக்குப் போன இடத்தில், "ஒரு ஆய்வு நடக்கிறது, நீங்களும் சேர்கிறீர்களா?" என்று கேட்கப்படலாம்.

அந்த நேரத்தில் நம் குடும்பங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. சிலர் "நம்மை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று பயந்து எழுந்து வந்துவிடுகிறார்கள். சிலர் "டாக்டர் சொன்னால் சரிதான்" என்று படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். விஷயத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்போம்.

கவனிப்பு ஆய்வு, பரிசோதனை ஆய்வு

ஆய்வுகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதல் வகையில் புதிதாக எதுவும் கொடுக்க மாட்டார்கள். கேள்வி கேட்பார்கள், இரத்தம் எடுப்பார்கள், ஸ்கேன் பார்ப்பார்கள், ஆண்டுக்கணக்கில் கவனிப்பார்கள். நமக்குப் பக்கத்திலுள்ள கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் 45 வயதைத் தாண்டிய கிராமத்து மக்களிடம் இப்படியொரு ஆய்வை நடத்துகிறது. முதுமையில் ஞாபக சக்தி எப்படி, ஏன் குறைகிறது என்று அறிவதே நோக்கம்.

இந்த வகையில் நம்மைப் போன்றவர்களுக்குச் சுவையான ஒரு முடிவு ஹைதராபாத்தில் கிடைத்தது. டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர், மறதி நோய் வந்த 648 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசுவோருக்கு, ஒரே மொழி பேசுவோரைவிடச் சுமார் நான்கரை ஆண்டுகள் தாமதமாகவே நோய் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. வீட்டில் உருது, தெருவில் தமிழ், ஜவுளி வியாபாரத்தில் தெலுங்கும் கன்னடமும் என்று வாழும் பர்கூர்க்காரர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் கவனிப்பு ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டுமே தவிர, அதுவே காரணம் என்று நிரூபித்துவிடாது.

இரண்டாவது வகையே கிளினிக்கல் டிரையல் எனப்படும் பரிசோதனை ஆய்வு. புதிய மருந்து, கருவி அல்லது பயிற்சி முறையை ஒரு பிரிவினருக்குக் கொடுத்து, மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையை மட்டும் கொடுத்து ஒப்பிடுவார்கள். யார் எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் கணினி தீர்மானிக்கும். "எங்கள் அத்தாவுக்குப் புது மருந்தையே கொடுங்கள்" என்று கேட்க முடியாது.

புதியது என்றால் நல்லது என்று பொருளல்ல

பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் உடலை 72 மணி நேரம் குளிர்வித்து வைப்பது பணக்கார நாடுகளில் வழக்கமான சிகிச்சை. நம் நாட்டிலும் பலனளிக்குமா என்று பார்க்க, லண்டன் இம்பீரியல் கல்லூரி தலைமையில் ஹீலிக்ஸ் என்ற ஆய்வு நடந்தது. இந்தியா, இலங்கை, பங்களாதேஷில் 7 மருத்துவமனைகள். சென்னையும் பெங்களூரும் அதில் அடக்கம். 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். 2021-இல் முடிவு வெளியானது: குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 சதவீதமும், வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் 31 சதவீதமும் இறந்திருந்தார்கள். அங்கே உயிர் காத்தது இங்கே காக்கவில்லை. அந்தப் பெற்றோர்கள் சம்மதித்திராவிட்டால் இந்த உண்மை வெளிவந்திருக்காது. நல்லது என்று நம்பியே அந்தச் சிகிச்சை இன்னும் பல குழந்தைகளுக்குத் தரப்பட்டிருக்கும்.

பக்கவாத நோயாளிகளுக்கு வீட்டாரே பயிற்சி கொடுத்தால் குணம் கூடுமா என்று இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் அட்டெண்ட் என்ற ஆய்வு நடந்தது. 2017-இல் வந்த முடிவின்படி இரு பிரிவிலும் ஆறு மாதத்தில் இறந்தவர்களோ பிறரைச் சார்ந்து வாழ்பவர்களோ 47 சதவீதம்தான், வித்தியாசம் இல்லை.

காது மிஷின் வைத்தால் மறதி குறையுமா என்று அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரிடம் மூன்றாண்டுகள் பார்த்து 2023-இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இதய நோய் ஆய்விலிருந்து வந்த, மறதிக்கான ஆபத்து அதிகமுள்ள பிரிவினரிடம் மட்டும் ஞாபகத் திறன் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. மறதி ஒருபுறம் இருக்கட்டும். காது மந்தமான பெரியவர் வீட்டுப் பேச்சில் கலந்துகொள்ளவாவது அவருக்குக் காது மிஷின் தேவை.

சட்டம் நமக்குத் தரும் உரிமைகள்

புதிய மருந்து ஆய்வுகளை 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. மற்ற மருத்துவ ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் உள்ளன. இவற்றின் சாரம்:

1. நமக்குப் புரியும் மொழியில் விளக்கத் தாளும் ஒப்புதல் படிவமும் தர வேண்டும். பெங்களூரில் கன்னடத்தில் நீட்டினால் தமிழிலோ உருதுவிலோ கேட்கலாம். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும்.

2. மறுக்கலாம், சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

3. மருந்து ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை தர வேண்டும். ஆய்வே காரணம் என்றால் இழப்பீடும் உண்டு.

4. பேச முடியாத, நினைவில்லாத நோயாளிக்காகச் சட்டப்படியான உறவினர் ஒப்புதல் தரலாம். நோயாளி தெளிவடைந்தால் அவரிடமே மீண்டும் கேட்க வேண்டும். சிறுவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலோடு, 7 வயதுக்கு மேல் பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

5. நெறிமுறைக் குழு அனுமதித்திருக்க வேண்டும். அதில் சட்டம் தெரிந்தவர், பொதுமக்களில் ஒருவர், பெண் உறுப்பினர் ஆகியோர் இருப்பர்.

6. 2009 ஜூன் முதல் மருந்துப் பரிசோதனை ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. எனும் அரசுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கினால் இணையத்தில் யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம்.

பணம் கேட்டால் எச்சரிக்கை

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், செவித்திறன் குறைவு உள்ள பிள்ளைகளின் பெற்றோரைக் குறிவைத்து "ஸ்டெம் செல் சிகிச்சை" என்று லட்சக்கணக்கில் வாங்குவோர் இருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற, சில நோய்களுக்கு ஏற்கப்பட்ட முறைகளைத் தவிர, ஸ்டெம் செல்லை சிகிச்சையாக விற்க 2017 தேசிய நெறிமுறைகள் இடம் தரவில்லை. அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். அந்த ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. நகையை அடகு வைக்கும் முன் இதை நினைவில் கொள்வோம். ஆறு வயதுக்குட்பட்ட, தகுதியுள்ள குழந்தைகளுக்கு காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. வயது கூடக் கூட அதன் பலன் குறையும். ஆகவே ஆய்வுக்காகக் காத்திருந்து காலத்தைக் கடத்த வேண்டாம்.

நம் குடும்பங்கள் தனியாகக் கேட்க வேண்டியவை

மாத்திரை, கேப்சூலில் பன்றி ஜெலட்டின் போன்ற பொருள் உண்டா, மாற்று உண்டா என்று சேரும் முன்பே கேட்போம். ரமலானில் மருந்து நேரம் எப்படி என்றும் கேட்போம். நோன்பு நோற்பதற்காக யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்துவது உடலுக்கும் கேடு, ஆய்வின் முடிவையும் பொய்யாக்கும். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்ய மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. பெண்களைப் பரிசோதிக்கப் பெண் ஊழியர் வேண்டும் என்று தயங்காமல் சொல்லலாம்.

முடிவை அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும் என்ற அவசரம் பெரும்பாலான ஆய்வுகளில் இல்லை. விளக்கத் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து, நோயாளியையும் உட்கார வைத்து மஷூரா செய்வோம். சேர்ந்தால் கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும், ஆய்வு மருத்துவர், நெறிமுறைக் குழு ஆகியோரின் தொலைபேசி எண்களையும் மருத்துவக் கோப்பில் வைத்துக்கொள்வோம். ஆய்வில் சேர்வதும் நம் முடிவு, சேராமல் இருப்பதும் நம் முடிவு. எதுவானாலும் தெரிந்து எடுப்போம். வல்ல அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக.