இளமையும் மடனும்: கூலிக்கொலையாளிகள் பற்றிய அவல நகைச்சுவைப் படங்களில் சிரிப்பின் நிலைக்களன்

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின்வழிப் பிறக்கும் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் வகைப்பாடு. பிறரை இகழ்வதும் அறியாமையும் சிரிப்புக்கு இடந்தருவதில் வியப்பில்லை. இளமையைத் தனியொரு நிலைக்களனாக எண்ணியதும், மடனைப் பேதைமையிலிருந்து பிரித்து நிறுத்தியதும்தான் கூர்ந்து நோக்கத்தக்கவை. பேதைமை அறிவின்மை. மடனோ, ஒருவன் தனக்குக் கற்பிக்கப்பட்டதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை எந்நிலையிலும் விடாதிருப்பது என்று உரைமரபு விளக்கும். இரண்டும் வெவ்வேறு குறைகள். மடன் உடையவனுக்கு அறிவு இருக்கலாம், நேர்மைகூட இருக்கலாம். பிடித்த பிடியைத் தளர்த்தத்தான் தெரியாது.

கூலிக்குக் கொலை செய்யும் இளைஞர்களைப் பற்றி அண்மைக் காலத்தில் வந்த அவல நகைச்சுவைப் படங்களை ஆராய இந்தப் பிரிவினை பெரிதும் பயன்படுகிறது. கொலையை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டன என்பதே இப்படங்கள்மீது வழக்கமாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு. சில படங்களுக்கு அது முழுவதும் பொருந்தும். ஆனால் இவ்வகையின் சிறந்த படைப்புகளில் சிரிப்பு இளைஞனின் பிள்ளைத்தனத்தில் தொடங்கினாலும் அங்கேயே நிற்பதில்லை. மெல்ல நகர்ந்து, அவனுக்குத் தொழில் கொடுத்த மூத்தவர்களின் மடனைச் சென்று சேர்கிறது. அவ்வாறு சேரும்போது கொலை சிறிதும் இலேசாவதில்லை, முன்னினும் கனக்கிறது. இதுவே என் வாதம். மார்ட்டின் மெக்டொனா எழுதி இயக்கிய ‘இன் ப்ரூஜ்’ (2008) இதற்கு முதன்மைச் சான்று.

இப்படத்தின் வேர் நாடக மேடையில் இருக்கிறது. ஹெரால்ட் பின்டர் 1957இல் எழுதிய ‘த டம்ப் வெய்ட்டர்’ ஓரங்க நாடகத்தில் பென், கஸ் என்னும் இரு கொலையாளிகள் பர்மிங்காமில் ஒரு நிலவறையில் கட்டளைக்காகக் காத்திருக்கிறார்கள். தேநீர் போடுவது பற்றிச் சண்டையிடுகிறார்கள். மேலிருந்து இறங்கும் சிறு உணவுத்தூக்கியில் யாரோ உணவு கேட்டுச் சீட்டு அனுப்ப, கையிலிருக்கும் பிஸ்கட்டையும் சிப்ஸையும் பதறிப்போய் அனுப்பிவைக்கிறார்கள். மூத்தவன் பென் எதையும் கேட்பதில்லை. இளையவன் கஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறான். முன்பு கொன்ற பெண்ணின் நினைவு அவனை விடவில்லை. நாம் போன பிறகு அந்த இடத்தைச் சுத்தம் செய்வது யார் என்பது அவன் கேள்விகளில் ஒன்று. நாடகம் முடியும்போது பென்னின் துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவன் கஸ். காத்திருப்பு, அற்பமான வாக்குவாதம், முகம் காட்டாத எசமானன், இளையவனைக் கொல்லும்படி மூத்தவனுக்கு வரும் உத்தரவு ஆகிய நான்கையும் மெக்டொனா அப்படியே எடுத்துக்கொண்டார். அவரும் நாடகத்திலிருந்து வந்தவர். ‘தி பியூட்டி குவீன் ஆஃப் லீனேன்’ (1996), ‘தி பில்லோமேன்’ (2003) ஆகியவற்றால் பெயர் பெற்ற பின்னரே முழுநீளப் படத்துக்கு வந்தார். நிலவறையை மட்டும் பெல்ஜியத்தின் அழகிய இடைக்கால நகரமாக்கினார்.

கதை எளியது. ரே (கொலின் ஃபாரல்) தன் முதல் வேலையாக ஒரு பாதிரியாரைப் பாவசங்கீர்த்தனக் கூண்டிலேயே சுடுகிறான். பாதிரியாரைத் தாண்டிச் சென்ற குண்டு, முறைக்காகக் காத்திருந்த ஒரு சிறுவனின் நெற்றியில் பாய்கிறது. எசமானன் ஹேரி (ரேஃப் ஃபைன்ஸ்) ரேயையும் மூத்தவன் கென்னையும் (பிரெண்டன் கிளீசன்) ப்ரூஜுக்குப் போய்ப் பதுங்கியிருக்கச் சொல்கிறான். குழந்தையைக் கொன்றவன் சாக வேண்டும் என்பது ஹேரியின் விதி. அதை நிறைவேற்றும் பொறுப்பு கென்னுக்கு. சாகப்போகிறவனுக்குக் கடைசியாக ஓர் இனிய நினைவு இருக்கட்டும் என்றுதான் தேவதைக் கதை போன்ற அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததாக ஹேரி தொலைபேசியில் சொல்கிறான். அவன் அதை மனமாரவே நம்புகிறான்.

படத்தின் முதற்பகுதியில் சிரிப்பின் ஊற்று இளமையே. தேவாலயங்களையும் அருங்காட்சியகங்களையும் கென் ஆவலோடு சுற்றிப் பார்க்க, வேண்டாவெறுப்பாகப் பள்ளிச் சுற்றுலாவுக்கு இழுத்துவரப்பட்ட பையனைப் போல ரே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பின்னால் நடக்கிறான். 366 படிகள் கொண்ட மணிக்கூண்டில் ஏற மறுக்கிறான். ஊரைத் திட்டுகிறான், பிடித்த பெண்ணைக் கண்டதும் எல்லாவற்றையும் மறக்கிறான். இவை நம்மைச் சிரிக்கவைக்கின்றன. சிரித்துக்கொண்டிருக்கும்போதே மெக்டொனா அந்தச் சிறுவனைக் காட்டிவிடுகிறார். பாவசங்கீர்த்தனத்தில் மறந்துவிடக் கூடாதென்று தன் பாவங்களை எழுதி எடுத்துவந்திருந்த காகிதம் அவன் கையில் இருக்கிறது. சிடுசிடுப்பாக இருப்பது, கணக்கு வராதது, சோகமாக இருப்பது என மூன்றே மூன்று. ரே அதைப் படிக்கிறான். படத்தைக் கூர்ந்து பார்ப்பவருக்கு இங்கே ஒன்று தட்டுப்படும். காகிதத்திலுள்ள சிடுசிடுப்பும் சோகமும் அதுவரை ரேயிடம் கண்டு நாம் சிரித்தவையே. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே வயதின் குறைகளால் ஆனவர்கள் என்றாகிறது. மெய்ப்பாட்டியல் அழுகைக்குச் சொல்லும் நிலைக்களன்களுள் இழவு ஒன்று. இளமையில் பிறந்த நகை இழவில் பிறக்கும் அழுகையாக மாறுவதற்கு இங்கே ஒரு காகிதத் துண்டு போதுமானதாகிறது. இதன்பின் ரேயின் பிள்ளைத்தனத்தைக் கண்டு முன்போல் சிரிக்க முடிவதில்லை. கொலையை வேடிக்கையாக்கும் படம் தன் சிரிப்பைத் தானே இப்படி அடைத்துக்கொள்ளாது.

நகரத்தின் குரூனிங்கே அருங்காட்சியகத்தில் இருவரும் ஓவியங்களைப் பார்க்கும் காட்சியும் இந்த மாற்றத்துக்குத் துணைசெய்கிறது. ஜெரார்ட் டேவிட் 1498இல் முடித்த ஓவியத்தில், கையூட்டு வாங்கிய நீதிபதி சிசாம்னஸின் தோலை உயிரோடு உரிக்கிறார்கள். சுற்றி நிற்பவர்கள் முகத்தில் சலனமில்லை. தண்டனை ஓர் அலுவலாக ஒழுங்காக நடக்கிறது. போஷ் வரைந்த ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியம் ரேயைத் தொடுகிறது. பாவம், தீர்ப்பு, உத்தரிக்கிற தலம் என்று அவன் பேசத் தொடங்குகிறான். இரண்டு ஓவியங்களும் இருவகை நீதியைக் காட்டுகின்றன: டேவிட்டின் நீதி அரசன் வகுத்த விதி, போஷின் நீதி ஒவ்வொருவனும் தன் செயலைத் தானே சந்திக்கும் நாள். படத்தின் பிற்பாதி இவ்விரண்டுக்கும் இடையேதான் நடக்கிறது.

பூங்காக் காட்சிதான் திருப்புமுனை. ரேயைக் கொல்லக் கென் பின்புறமாகத் துப்பாக்கியுடன் நெருங்குகிறான். அதே நொடியில் ரே தன் நெற்றிப்பொட்டில் துப்பாக்கியை வைத்துக்கொள்கிறான். கொல்ல வந்தவன் தன்னை மறந்து கத்தித் தடுக்கிறான். பிறகு கென்னின் கையிலிருக்கும் ஆயுதத்தை ரே பார்க்கிறான். தன்னைக் கொல்ல வந்தவனா தான் சாகக் கூடாது என்பது என்று வழக்காடுகிறான். சிரிக்கிறோம், ஆனால் ரேயின் இளமையைப் பார்த்து அல்ல. கட்டளைக்கும் கைக்கும் இடையே கென்னுக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. அதைக் கண்டு சிரிக்கிறோம். கென் மடனைக் கைவிடுகிறான். ரேயை இரயிலேற்றி அனுப்புகிறான். ஹேரியை அழைத்துத் தான் செய்ததைச் சொல்லித் தண்டனைக்குக் காத்திருக்கிறான். கற்பிக்கப்பட்டதை விடத் தெரிந்த ஒரே மூத்தவன் அவன்தான். அதற்கு விலையாக மணிக்கூண்டிலிருந்து குதித்து உயிரை விடுகிறான். குதிக்குமுன் கீழே நிற்பவர்கள் விலகிப்போகச் சில்லறைக் காசுகளை வீசுவதை நான் இப்படத்தின் மிக உயர்ந்த தருணமாகக் கருதுகிறேன். சாகும்போதும் தன் சாவு பிறர்மேல் விழாமல் பார்த்துக்கொள்கிறான். தேவாலயத்தில் ரேயின் குண்டுக்குக் கிடைக்காத கவனம் அது.

ஹேரிக்கு வருவோம். அவன் பொய்யனல்லன், குழந்தைகளின் தந்தை, சொன்ன சொல் தவறாதவன். தானே ஒரு குழந்தையைக் கொன்றிருந்தால் அந்த இடத்திலேயே தன்னையும் சுட்டுக்கொண்டிருப்பேன் என்கிறான். ஆனால் ப்ரூஜில் ஆயுதம் வாங்கும்போது, உடலுக்குள் விரிந்து சிதைக்கும் டம்-டம் குண்டுகளையும், எடுக்கக் கூடாதென்று தெரிந்தே, எடுத்துக்கொள்கிறான். போரிலேயே கூடாதென்று 1899இல் ஹேக் பிரகடனம் விலக்கிய குண்டு அது. உலகத்தின் விதிகளில் அவனுக்குப் பிடிப்பில்லை, தன் விதி ஒன்றில் மட்டும் பிடிவாதம். விடுதிப் படிக்கட்டுக் காட்சியில் இம்மடன் முழுமையாக வெளிப்படுகிறது. கருவுற்றிருக்கும் விடுதிக்காரி மரீ நடுவில் நின்று விலக மறுக்கிறாள். மேலே, ஊருக்குத் திரும்பிவந்துவிட்ட ரே; கீழே ஹேரி. கர்ப்பிணிக்கு ஆபத்து வரக் கூடாது என்பதில் இருவருக்கும் உடன்பாடு. எனவே ரே சன்னல் வழியே கால்வாயில் குதிப்பது, ஹேரி சுற்றிக்கொண்டு வந்து பிடிப்பது என்று பேசி முடிக்கிறார்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஹேரி வழிகூடக் கேட்டுக்கொள்கிறான். நடுவில் நிற்கும் பெண்ணுக்கோ இரண்டு பைத்தியங்களுக்கிடையே நிற்பதாகத் தோன்றுகிறது. கொல்லாமலே இருந்துவிடலாம் என்னும் ஒரு வழி மட்டும் அந்தப் பேச்சில் வரவே இல்லை. நாம் சிரிப்பது அந்த இன்மையைக் கண்டுதான்.

முடிவில் ரேயின் உடலைத் துளைத்த குண்டுகள், பள்ளிச்சிறுவன் வேடமிட்டு நின்ற குள்ள உருவ நடிகர் ஜிம்மியின் (ஜோர்டன் பிரென்டிஸ்) தலையைச் சிதைக்கின்றன. கிடப்பவன் குழந்தை என்றே ஹேரி நம்புகிறான். உண்மையைச் சொல்ல ரே வாயெடுக்கிறான்; கேட்க ஹேரிக்கு நேரமில்லை. கொள்கையில் நிற்க வேண்டும் என்று தன்னைச் சுட்டுக்கொள்கிறான். விதி வழுவாமல் நிறைவேறுகிறது, அது நிறைவேற வேண்டிய காரணம் மட்டும் அங்கே இல்லை. தன்னைத்தானே தண்டிக்கும் நேர்மையை இங்கே காண்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதன்று. இறந்தவர் யாரென்று குனிந்து பார்க்காத நேர்மை, இறந்தவரை மதிக்கும் நேர்மை ஆகாது. எதிரே, ஆம்புலன்சில் ஏற்றப்படும் ரேயின் எண்ணம் வேறு திசையில் போகிறது. இலண்டனில் எங்கோ ஒரு வீட்டில் பிரிக்கப்படாமல் கிடக்கும் கிறிஸ்துமஸ் பரிசுகள் அவன் நினைவில் வருகின்றன. பிழைத்தால் அந்தத் தாயின் வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அவள் தரும் தண்டனை சிறையோ சாவோ எதுவாயினும் ஏற்க வேண்டும் என்று நினைக்கிறான். ஹேரி தன் விதிக்குக் கணக்குத் தீர்க்கிறான். ரே இழந்தவளுக்குக் கடன்பட்டவனாகிறான். வளர்ந்தவனின் எண்ணம் இது, வந்திருப்பதோ அதுவரை பையனாக இருந்தவனுக்கு. 81ஆம் ஆஸ்கர் விழாவில் திரைக்கதைக்குப் பரிந்துரை பெற்று, பாஃப்டாவில் விருதையும் பெற்ற எழுத்தின் வலிமை இந்தக் கட்டமைப்பில் இருக்கிறது, பலரும் மேற்கோள் காட்டும் வசவுகளில் இல்லை.

இளமையோடு நின்றுவிடும் படம் எப்படியிருக்கும் என்பதற்கு ஜெஃப்ரி ஃபிளெட்சரின் ‘வயலட் அண்ட் டெய்சி’யைக் காட்டலாம். 2011இல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டு, 2013இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. பதின்வயதுப் பெண்கள் இருவர் (அலெக்சிஸ் பிளடெல், சீர்ஷா ரோனன்) தங்களுக்குப் பிடித்த பாடகியின் பெயரில் வரும் கவுன் வாங்கப் பணம் வேண்டுமென்று ஒரு கொலைக்கு ஒப்புக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் கன்னியாஸ்திரீ உடையில் பீட்சா கொண்டுபோய்ச் சுட்டுத்தள்ளுகிறார்கள். செத்தவர்களின் வயிற்றில் ஏறிக் குதித்து விளையாடுகிறார்கள். செத்தவர்கள் யாரென்று படத்துக்கு அக்கறையில்லை. குற்றச்சாட்டு இங்கே பொருந்துகிறது. ஆனால் கொல்லப்பட வேண்டியவனாக மைக்கேல் (ஜேம்ஸ் கேண்டோல்ஃபினி) வந்தவுடன் படம் தன்னை அறியாமலே திருந்துகிறது. புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கும் அவன், சாவைத் தானே வரவழைத்துக் காத்திருக்கிறான். காத்திருந்து சோபாவில் தூங்கிவிட்ட கொலையாளிகளுக்குப் போர்வை போர்த்திவிடுகிறான், தான் சுட்ட பிஸ்கட்டைக் கொடுக்கிறான். ஒரு முகம் கிடைத்ததும் விளையாட்டு ஓய்கிறது. முதற்பகுதியை மீட்க அது போதவில்லை. கேண்டோல்ஃபினியின் நடிப்பு மட்டும் தனித்து நிற்கிறது.

யூகோ சகமோட்டோவின் ‘பேபி அசாசின்ஸ்’ (2021) இதனினும் சிக்கலானது. உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் சிசாத்தோவும் மகிரோவும் ஒரு நிறுவனத்தின் கொலையாளிகள். இனிமேல் ஒரே வீட்டில் குடியிருந்து, ஊருக்குக் காட்டச் சாதாரண வேலையும் பார்க்க வேண்டும் என்று நிறுவனம் சொல்லிவிடுகிறது. கொலை அவர்களுக்குக் கைவந்த கலை; கடை வேலைக்கான நேர்காணல்தான் வரவில்லை. கொலை நடந்த இடத்தைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் வருகிறார், இவர்கள் செய்துவைத்த அலங்கோலத்தைப் பார்த்துக் கடிந்துகொள்கிறார். பின்டரின் கஸ் கேட்ட கேள்விக்கு இங்கே விடை கிடைத்துவிட்டது: அதற்கும் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. கஸ்ஸை உறுத்தியது இவர்களை உறுத்தவில்லை. உறுத்தாதபடி நிறுவனம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறது. ஹேரியின் மடன் ஒரு மனிதனுடையது. இங்கே அது அலுவலக நடைமுறையாகிவிட்டதால் அதை நேருக்கு நேர் கண்டு சிரிக்க ஆளில்லை. இத்தொடரின் முதல் படமான இதில் செத்து விழுபவர்கள் பெரும்பாலும் வெறும் உடல்கள். மகிரோவாக நடிக்கும் சவோரி இசாவாவின் சண்டைத்திறன் எவ்வளவு வியக்கவைத்தாலும் இந்தக் குறை மறையவில்லை.

2023இல் வந்த இரண்டாம் படத்தில் சகமோட்டோ இதைத் திருத்துகிறார். கட்ட வேண்டிய பணத்தை மறந்ததால் தொல்லையில் மாட்டி, பொம்மை வேடம் போட்டுப் பிழைக்கும் நிலைக்கு நாயகியர் வருகிறார்கள். எதிர்த்து வரும் சகோதரர் யூரியும் மகோத்தோவும் நிரந்தரப் பணி கிடைக்காத பகுதிநேரக் கொலையாளிகள். நாயகியர் இருவரையும் கொன்றால் அவர்களுடைய பணியிடம் தங்களுக்குக் கிடைக்கும் என்று நம்பி வருகிறார்கள். ஜப்பானில் 1990களின் பொருளாதாரச் சரிவுக்குப் பின் நிரந்தர வேலைக்கும் ஒப்பந்த வேலைக்கும் இடையே விழுந்த பிளவு அந்நாட்டு இளைஞர் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. அந்தப் பிளவின் இருகரையிலும் நிற்பவர்களைத்தான் சகமோட்டோ ஒருவர்மேல் ஒருவரை ஏவுகிறார். இறுதிச் சண்டைக்கு வருமுன் அண்ணன் தம்பியோடும் நம்மை நெடுநேரம் இருக்கவைக்கிறார். அவர்களுடைய பேச்சு, சாப்பாடு, எதிர்பார்ப்பு எல்லாம் நாயகியருடையவை போலவே இருக்கின்றன. ஆகவே அச்சண்டையில் எந்தப் பக்கம் வென்றாலும் முகமுள்ள இருவர் சாக வேண்டும். அந்தப் போட்டியை ஏற்படுத்திய பணிமுறையை அங்கே யாரும் சுடவும் முடியாது.