தோல் தொழில் மாசு இழப்பீட்டு மீட்பு (வேலூர்)

தோல் தொழில் மாசு இழப்பீட்டு மீட்பு என்பது, பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் பாதிக்கப்பட்டோருக்கு உரிய தொகையை, அத்தொழிற்சாலைகளிடமிருந்து அரசு வசூலிக்கும் சட்ட நடைமுறை ஆகும். இதற்கு அடிப்படையாக அமைந்தது 'வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம்' என்னும் வழக்கு. ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்திலும், இராணிப்பேட்டை தனி மாவட்டமாகவும் உள்ளன.

பின்னணி

பாலாற்றுப் படுகையிலுள்ள தொழிற்சாலைகள் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் நிலத்திலும் நீர்நிலைகளிலும் விட்டதை எதிர்த்து, 1991 இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்யப்பட்டது. தமிழ்நாட்டின் தோல் தொழில் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வுத் தகவலை நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது.

1996 தீர்ப்பு

1996 ஆகத்து 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அது அறிவித்தது. இழப்பீட்டை இரண்டு தலைப்புகளில் கணக்கிட வேண்டும்:

1. சீர்கெட்ட சூழலை மீட்பதற்கான செலவு
2. பாதிக்கப்பட்ட தனியாட்களுக்கான தொகை

இத்தொகையை மாவட்ட ஆட்சியர் வசூலிக்க வேண்டும். செலுத்த மறுக்கும் தொழிற்சாலையை மூடவும், நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கவும் தீர்ப்பு வழிசெய்தது. தொகையைக் கணக்கிட, சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986 இன் கீழ் சூழல் இழப்பு ஆணையம் 1996 செப்டம்பரில் அமைக்கப்பட்டது.

வசூலும் காலதாமதமும்

ஆணையம் 2001 மார்ச் 7 அன்று தன் முடிவை வெளியிட்டது. அதன்படி 547 தொழிற்சாலைகள் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் வழங்க வேண்டும். 2009 ஆகத்து 24 அன்று மற்றொரு முடிவும் வெளியானது. எனினும், பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் தொகை முழுவதும் உரியவர்களைச் சென்றடையவில்லை.

2025 சனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, நிலுவைத் தொகையை ஆறு வாரங்களுக்குள் மாநில அரசே வழங்கிவிட்டு, பின்னர் அதைத் தொழிற்சாலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என ஆணையிட்டது. அதுவரை வசூல் தாமதமானால் காத்திருக்க வேண்டியவர் பாதிக்கப்பட்டவரே. இவ்வாணை அச்சுமையை அரசின் மேல் மாற்றியது.

மருத்துவச் செலவு

1996 தீர்ப்பு குறிப்பிட்ட இரு தலைப்புகளில், அரசு மருத்துவமனைகள் செய்யும் செலவு தனியாக இடம்பெறவில்லை. எனவே, மாசினால் நோயுற்றவருக்கு அரசு மருத்துவமனை இலவசமாகச் சிகிச்சை அளித்தால், அச்செலவைத் தொழிற்சாலையிடமிருந்து பெற இந்த நடைமுறையில் தனி வழி இல்லை.

ஆலைத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறுபட்டது. தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், 1948 (ஈ.எஸ்.ஐ. சட்டம்), குரோமியம் சேர்மங்களால் வரும் நோய்களைத் தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆலையின் சுகாதாரக் கேட்டினால் நோய் அளவுக்கு மீறினால், நோய்க்கால உதவித்தொகையாகக் கூடுதலாகச் செலவானதை ஆலை உரிமையாளரிடம் கோர அதன் 69 ஆம் பிரிவு இடமளித்தது. அப்பிரிவு உதவித்தொகையைப் பற்றியது. சிகிச்சைச் செலவைப் பற்றியதன்று. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 இச்சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில், காயத்துக்கு இழப்பீடு வழங்குபவர் அரசு மருத்துவமனைச் செலவையும் தனியே செலுத்த வேண்டும். விரிவாக்கப்பட்ட இத்திட்டம் 2007 முதல் நடைமுறையில் உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில், வறியோருக்கான மெடிக்கெயிட் திட்டம், நோயாளி பெறும் இழப்பீட்டின் மருத்துவச் செலவுக்குரிய பகுதியிலிருந்தே தன் செலவை மீட்கிறது. வருங்கால மருத்துவச் செலவுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியிலிருந்தும் மீட்கலாம் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. முதல் முறையில் செலவு இழைத்தவர் மேலும், இரண்டாவதில் நோயாளியின் பங்கின் மேலும் விழுகிறது.