சாயத்தைச் சிதைக்கும் சூரிய ஒளி

ஆர்.கே.பேட்டைப் பக்கம் லுங்கி நெய்யும் தறிகளைப் பார்த்திருப்பீர்கள். நூலுக்கு வண்ணம் ஏற்றியபின் மிஞ்சும் சாயநீர் என்னவாகும் என்று எண்ணியதுண்டா? பல சாயங்களை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைப்பதில்லை. நொய்யல் ஆறு மாசடைந்த வழக்கில், 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சூரிய ஒளியைக் கொண்டே சாயத்தைச் சிதைக்க முடியாதா?

இக்கேள்வியின் வரலாறு வெள்ளைப் பெயிண்டில் தொடங்குகிறது. அதற்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள இல்மனைட் கனிமத்திலிருந்து இதைத் தயாரிக்கலாம். வெயிலில் பெயிண்ட் பொடிபொடியாக உதிர்வதற்கும் இதுவே ஒரு காரணம். 1938-இல் லண்டனில் குடீவ், கிச்சனர் இருவரும் இப்பொருள் புற ஊதா ஒளியில் சாயத்தை வெளுக்கச் செய்வதை ஆராய்ந்தனர். 1972-இல் ஜப்பானியரான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதன்மீது ஒளியைச் செலுத்தி நீரைப் பகுத்துக் காட்டினர். 1977-இல் அமெரிக்காவில் ஃபிராங்க், பார்ட் இருவரும் நீரிலுள்ள சயனைடை இதே முறையில் அழித்தனர். பெயிண்டின் குறை, நீருக்கு மருந்தாயிற்று!

இது எவ்வாறு நிகழ்கிறது? சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி பட்டதும், துகளில் ஓர் எலெக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுகிறது. அதன் இடத்தில் ஒரு 'துளை' உண்டாகிறது. இவ்விரண்டும் நீருடனும் ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து, சாய மூலக்கூறைத் துண்டாடும் வீரியமிக்க பொருள்களை உண்டாக்குகின்றன.

வினை நடப்பது துகளின் மேற்பரப்பில். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். ஏறத்தாழ 15 சென்ட் நிலம்! நுண்மையின் சிறப்பு இதுவே.

தமிழகத்திலும் இவ்வாய்வு நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முருகேசன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாயத்தைச் சூரிய ஒளியில் சிதைப்பதில் டைட்டானியம் டை ஆக்சைடை விடத் துத்தநாக ஆக்சைடு விஞ்சியது. ஆனால் துத்தநாக ஆக்சைடு, அமில நீரில் கரைந்துவிடும்.

இன்னும் தடைகள் உள்ளன. சூரிய ஒளியில் புற ஊதாப் பகுதி சுமார் 5 விழுக்காடே. நுண்துகள்களை நீரிலிருந்து மீட்டாக வேண்டும். சாயமேற்றச் சேர்த்த உப்பையோ ஒளி தொடுவதே இல்லை. எனவே, வாசகர்களே, நிறம் மறைந்ததாலேயே நீர் தூய்மையாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். சாயத்தை ஒளி சிதைக்கும். உப்பைப் பிரிக்க வேறு வழிதான் வேண்டும்.