மரமட்டையின் காலம்

ஒரு கருவி வழக்கொழிந்து போகும்போது, அதைப் பிடித்துப் பழகிய கையின் லாகவமும், அந்த லாகவத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்துவந்த ஆசிரியரின் வித்தையும், அதைச் செய்து கொடுத்த தச்சரின் நுட்பமும் அதனோடு சேர்ந்தே மறைகின்றன என்பதைத் திருப்பூருக்கு மேற்கே நொய்யற்கரையில் இருக்கும் எங்கள் மங்கலத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சோமனூர், தெக்கலூர், பல்லடம் என்று பரந்து கிடக்கும் விசைத்தறி வட்டாரத்தைச் சேர்ந்த ஊர் இது. நேற்றுவரை சோறு போட்ட நாடாத் தறிகள் கழற்றப்பட்டுப் பழைய இரும்பு விலைக்கு எடைபோடப்பட்ட காட்சியை இவ்வட்டாரம் கண்டிருக்கிறது. ஆகவே, இதே விதியை அடைந்த வேறொரு கருவியின் சரித்திரத்தை, அதாவது டென்னிஸ் ஆட்டத்தின் மரமட்டை பிறந்து வளர்ந்து மறைந்த வரலாற்றை, இங்கிருந்து சொல்லப் புகுவது பொருத்தமற்றதாகாது என்று கருதுகிறேன்.

பனியன் நகரத்துக்கும் டென்னிசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் உண்டு. திருப்பூரின் கம்பெனிகளிலிருந்து கப்பலேறும் சரக்குகளில் காலர் வைத்த அரைக்கை டி-ஷர்ட்டுக்கு முக்கிய ஸ்தானம் உண்டு. அதற்குரிய துணி, தேன்கூடு போன்ற சிறு சிறு குழிகளோடு பின்னப்படும் 'பிக்கே' என்னும் பின்னல். இத்துணியில் தைத்த சட்டையை டென்னிஸ் களத்துக்குக் கொண்டுவந்து பிரசித்தமாக்கியவர் பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்ட். நீண்ட கையும் விறைத்த கழுத்துமாக நெய்த துணிச் சட்டைகளை அணிந்து மற்றவர்கள் ஆடிய காலத்தில், 1926ஆம் ஆண்டு அமெரிக்கப் போட்டியில் அவர் பின்னலாடையோடு இறங்கினார். 1933இல் ஆந்திரே ஜில்லியே என்ற பின்னலாடை உற்பத்தியாளருடன் கூட்டுச் சேர்ந்து அதையே ஒரு பெருந்தொழிலாக்கினார். இதே லகோஸ்ட், முதுமையை நெருங்கிய பருவத்தில், 1963ஆம் ஆண்டு எஃகுக் குழாயால் ஒரு மட்டையையும் வடிவமைத்தார். எங்கள் வட்டாரத்துக்குப் பிழைப்பளித்த ஒரு சட்டையும், மரமட்டையின் அந்திமத்தைத் தொடங்கிவைத்த ஒரு மட்டையும் ஒரே மனிதரின் சிந்தையில் உதித்தவை என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

புல்தரை டென்னிஸ் என்னும் ஆட்டம், 1874ஆம் ஆண்டு வால்ட்டர் கிளாப்டன் விங்ஃபீல்டு என்ற ஆங்கில ராணுவ மேஜர் காப்புரிமை பெற்று, மட்டை, பந்து, வலை, கம்பம் யாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கி விற்கத் தொடங்கியதிலிருந்து பரவியது. மூன்று ஆண்டுகளில், 1877இல், விம்பிள்டனின் முதற்போட்டி நடந்துவிட்டது. அக்காலத்து மட்டைகளுள் பல, தலை ஒருபுறம் சாய்ந்தவை. நாளடைவில் தலை நேராகி, நீள்வட்டமாகிச் சமச்சீர் அடைந்தது. மட்டைக்கு விரும்பப்பட்ட மரம் 'ஆஷ்'. நீண்ட நேரான நார்களை உடையதாதலால் ஆவியில் வெந்ததும் முறியாமல் வளையக்கூடியதும், பந்தின் அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கி ஆடுபவரின் மணிக்கட்டைக் காப்பதுமாகிய குணங்கள் அம்மரத்துக்கு உண்டு. ஒரே நீண்ட சட்டத்தை ஆவியில் பதப்படுத்தி, அச்சைச் சுற்றி வளைத்து, கழுத்தில் ஆப்புக்கட்டை வைத்து ஒட்டி, பல வாரங்கள் உலரவிட்டு, பின்பு இழைத்து, துளையிட்டு, மெருகேற்றுவது பழைய முறை. மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு வளைக்கும் முறை பின்னர் வந்தது. இவ்வகையில் பேர்பெற்ற டன்லப் 'மாக்ஸ்ப்ளை' 1931இல் வெளிவந்து, அரை நூற்றாண்டுக் காலம் உலகின் பெருவீரர்கள் பலருடைய கரங்களில் வாசம்செய்தது.

மரத்துக்கு உயிர் கொடுத்தது நரம்பு. ஆட்டுக் குடலிலிருந்தும், பின்னாளில் மாட்டுக் குடலிலிருந்தும் எடுத்த இழைகளைச் சுத்திசெய்து, முறுக்கி, உலர்த்தி, வழவழப்பாக்கி நரம்பாக்கும் தொழிலை பிரான்சின் லியோன் நகரத்துப் பாபோலா குடும்பத்தார் 1875ஆம் ஆண்டிலேயே டென்னிசுக்காகச் செய்யத் தொடங்கினர். பந்தை ஒரு கணம் தாங்கிப் பின் மனமார வழியனுப்பும் நெகிழ்ச்சி இயற்கை நரம்புக்கு உண்டு. ஆனால் ஈரம் அதற்குச் சத்துரு. மழைச்சாரலிலும் கடலோரத்துப் புழுக்கத்திலும் அது தளர்ந்து அறுந்துபோகும். மரத்துக்கும் அதே சத்துரு என்பதால், ஆட்டம் முடிந்ததும் மட்டையை நான்கு மூலைகளிலும் திருகாணி வைத்த ஒரு மரச்சட்டத்துக்குள் இறுக்கிவைப்பது ஒழுக்கமாகவே கடைப்பிடிக்கப்பட்டது. 'பிரஸ்' என்று சொல்லப்பட்ட அந்தச் சட்டத்தை ஒருநாள் மறந்தால், மறுநாள் மட்டை கோணிக்கொள்ளும்.

இந்தியாவில் மட்டைத் தொழிலுக்குத் தாயகமாக விளங்கியது பஞ்சாபின் சியால்கோட். ஆங்கிலேயப் படைமுகாம்களின் தேவையை ஒட்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வேரூன்றிய விளையாட்டுச் சாமான் தொழில், உள்ளூர் மல்பெரி மரத்தையும் தச்சர்களின் கைத்திறனையும் ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் அத்தொழிலும் இரண்டாகப் பிளந்தது. வீடுவாசலை இழந்து எல்லை கடந்து வந்த வணிகரும் கைவினைஞரும் ஜலந்தரிலும் மீரட்டிலும் குடியேறி, கையில் இருந்த வித்தை ஒன்றையே மூலதனமாக வைத்துத் தொழிலை மீண்டும் நிறுவினர். அகதிகளாக வந்தோர் கைவண்ணத்திலேயே சுதந்திர இந்தியாவின் விளையாட்டு மைதானங்கள் உயிர்த்தன என்பதை நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

தமிழகத்தில் இவ்வாட்டம் முதலில் துரைமார்களின் கிளப்புகளிலும், பின்னர் வக்கீல்களும் டாக்டர்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் மாலைதோறும் கூடிய ஜில்லாத் தலைநகரங்களின் மன்றங்களிலும் நிலைகொண்டது. புல்தரை எல்லா ஊர்களுக்கும் வாய்க்கவில்லையாதலால், மண்ணை இறுக்கிச் சாணம் மெழுகிய களங்கள் அமைந்தன. அக்களங்களில் பந்து பொறுக்கத் தொடங்கி, உறுப்பினர்களோடு எதிர்நின்று ஆடும் 'மார்க்கர்' என்னும் பதவிக்கு உயர்ந்த ஏழைப் பிள்ளைகளே பலருக்கு ஆட்டம் கற்பித்த உண்மையான ஆசிரியர்கள். மட்டைக்கு நரம்பு கட்டும் 'கட்டிங்' போடுவதும், அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் இணைப்பதும் அவர்களுக்குக் கைவந்த கலை. அவர்களுடைய பெயர்கள் கேடயங்களில் பொறிக்கப்படவில்லை. எனினும் இந்நாட்டு டென்னிசின் அஸ்திவாரம் அவர்களே.

அந்த அஸ்திவாரத்தின்மீது எழுந்த கோபுரம் ராமநாதன் கிருஷ்ணன். 1937இல் நாகர்கோவிலில் பிறந்த அவருக்குத் தந்தையான டி. கே. ராமநாதனே குரு; தாமே தேர்ந்த ஆட்டக்காரராகிய தந்தை, மகனுக்குப் பலத்தைக் காட்டிலும் துல்லியத்தையே உபதேசித்தார். 1954ஆம் ஆண்டு விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற கிருஷ்ணன், 1960இலும் 1961இலும் அதே விம்பிள்டனில் ஆடவர் அரையிறுதி வரை முன்னேறினார். முதல்முறை நீல் ஃபிரேசரிடமும் மறுமுறை ராட் லேவரிடமும் தோற்றார். இடையே 1961ஆம் ஆண்டுக் காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்டுகளில் வீழ்த்தினார். 1966ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை அரையிறுதியில், கல்கத்தாவில், பிரேசிலின் தாமஸ் கோக்குக்கு எதிராக இரண்டு செட்டுகளை இழந்து, நான்காவது செட்டிலும் 2-5 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு அவர் பெற்ற வெற்றியே இந்தியாவை முதன்முறையாக இறுதிச் சுற்றுக்கு அழைத்துச் சென்றது. மெல்போர்னில் நடந்த அந்த இறுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றபோதிலும், ஜெய்தீப் முகர்ஜியுடன் இணைந்து நியூகோம், ரோச் இணையை அவர் வென்றது என்றும் நிலைத்த பெருமை.

கிருஷ்ணன் ஆடிய ஆட்டம், மரமட்டையின் இயல்பிலிருந்தே மலர்ந்த ஆட்டம் என்பது என் திடமான அபிப்பிராயம். மரமட்டையின் தலை ஏறத்தாழ 65 முதல் 70 சதுர அங்குலம். எடை பெரும்பாலும் 370 முதல் 400 கிராம். பந்தைச் செம்மையாக ஏற்கும் இடம் அதன் நடுவில் ஓர் உள்ளங்கை அளவுகூட இராது. அந்த இடத்தில் பட்டால் பந்து இசைவோடு புறப்படும். சற்றே விலகினாலும் மட்டை கையில் முறுகித் தவற்றைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே மட்டையை முன்கூட்டியே பின்னிழுத்து, பாதத்தை நிலைநிறுத்தி, உடல் முழுவதையும் ஒருங்கே திருப்பி ஆடுவது தவிர வேறு மார்க்கம் இல்லை. வேகத்தால் எதிரியைத் திணறடிக்க இயலாத நிலையில் கோணத்தாலும் நிதானத்தாலும் அவனைக் களம் முழுவதும் நடக்கவைப்பதே சாமர்த்தியமாயிற்று. மெலிந்த தேகத்தவரும் பலசாலிகளை வெல்லலாம் என்ற நியாயம் அந்த ஆட்டத்தில் இருந்தது. தந்தை, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக இந்நெறியைப் போற்றிய குடும்பம் அது; பேரனாகிய ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தையும், 1986இல் அங்கே காலிறுதி இடத்தையும் அடைந்தார்.

மரமட்டையின் வீழ்ச்சி விரைவிலேயே வந்தது. லகோஸ்ட்டின் எஃகு மட்டையை 1967இல் வில்சன் கம்பெனி 'டி-2000' என்ற பெயரில் விற்கத் தொடங்க, அவ்வாண்டே பில்லி ஜீன் கிங் அதைக் கொண்டு அமெரிக்கப் பட்டத்தை வென்றார். 1976இல் ஹோவர்டு ஹெட் என்பவர் 110 சதுர அங்குலத் தலையுள்ள அலுமினிய 'பிரின்ஸ்' மட்டையைக் கொணர்ந்தார். இரண்டே ஆண்டில் பாம் ஷ்ரைவர் என்ற பதினாறு வயதுச் சிறுமி அத்தகைய மட்டையோடு அமெரிக்க ஓப்பன் இறுதிச் சுற்றை எட்டிய பிறகு, அதன் பெரிய தலையைக் கண்டு நகைத்தவர்கள் மௌனமாயினர். அடுத்து வந்த கிராஃபைட் மட்டை, மரத்தின் இடத்தை முற்றிலும் பறித்துக்கொண்டது. மரத்தை அவ்வளவு பெரிய தலையாக வளைத்தால் ஒன்று அது முறியும், அல்லது தூக்கமுடியாத பாரமாகும் என்பதே அதன் தோல்விக்குக் காரணம். 1981இல் அமெரிக்க வீரர் மெக்கன்ரோ மாக்ஸ்ப்ளையோடு விம்பிள்டனை வென்றார். 1983இல் பிரெஞ்சுப் பட்டத்தை வென்ற யானிக் நோவாவே மரமட்டையால் பெரும்பட்டம் பெற்ற கடைசி ஆடவர் என்று கொள்ளப்படுகிறார். 1987க்குப் பின் விம்பிள்டனில் மரமட்டையைக் காண முடியவில்லை. 1991இல், ஓய்விலிருந்த வீரர் போர்க் தம் பழைய மரமட்டையோடு மான்டி கார்லோவில் திரும்பிவந்து முதற்சுற்றிலேயே தோற்றபோது, ஒரு சகாப்தம் முடிந்ததென்று உலகம் அறிந்தது.

ஆயினும் தமிழ்நாட்டில் மரமட்டைக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. தஞ்சை அரச குடும்பத்தார் 1856ஆம் ஆண்டுவாக்கில் ஆடத் தொடங்கியதாகச் சொல்லப்படும் பூப்பந்தாட்டம், கிளப்பின் மதிலுக்குள் அடங்காமல் கிராமத்துப் பள்ளி மைதானத்திலும் கோயில் திடலிலும் வளர்ந்த ஆட்டம். மஞ்சள் நிறக் கம்பளிநூற் பந்து, பக்கத்துக்கு ஐவர், 165 முதல் 185 கிராம் எடையுள்ள மட்டை, வெட்டவெளி மண்தரை ஆகியவையே அதற்குத் தேவை. 1954இல் அகில இந்திய சம்மேளனம் அமைந்தது. டென்னிஸ் மட்டையைத் தொட வாய்ப்பில்லாத உழவர் வீட்டுப் பிள்ளைகளும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும், மரச்சட்டத்தையும் நரம்பையும் கையாளும் வித்தையை இவ்வாட்டத்தின் வழியாகவே பெற்றனர். மரமட்டை என்பது சீமான்களின் சொத்து மட்டுமன்று என்பதற்கு இதுவே சாட்சி.

இன்று மேல்நாடுகளில் பழைய மட்டைகளைத் தேடிச் சேகரிப்போர் பலர். விம்பிள்டனில் 1977 முதல் ஓர் அருங்காட்சியகமும் இயங்குகிறது. சாய்ந்த தலை, மீன்வால் போன்ற பிடி, வீரரின் படம் ஒட்டிய கழுத்து என்று அவர்கள் வகைபிரித்துப் போற்றுவது மகிழத்தக்கது. ஆனால் சேகரிப்பதோடு நில்லாமல், மரமட்டைகளுக்கென்றே போட்டிகள் வைத்து ஆடுகிறார்களே, அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் மட்டை அதன் வடிவத்தை மட்டும் சொல்லும். அதன் ஞானத்தைச் சொல்லாது. பின்னிழுத்தலும் காத்திருத்தலும் நடுவில் ஏற்றலும் ஆகிய அந்த ஞானம், ஆடும் கையில் மட்டுமே உயிர்வாழும்.

ஆட விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில. மட்டையைச் சமமான மேஜைமீது கிடத்திக் கோணல் உண்டா என்று பார்க்க வேண்டும். கழுத்திலும் தலையுச்சியிலும் மயிரிழை விரிசல் இருந்தால் அதைப் பார்வைக்கு வைத்துவிட வேண்டும். நரம்பை 45 முதல் 55 பவுண்டு இழுவைக்குள் கட்ட வேண்டும்; இயற்கை நரம்போ மென்மையான நைலானோ ஏற்றவை; விறைப்பான பாலியெஸ்டர் இழை பழைய மரத்தை முறித்துவிடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், பிரஸ்ஸில் இறுக்கி வைக்க வேண்டும். இவ்வளவுதான் அது நம்மிடம் கேட்கும் பராமரிப்பு.

உலகத்தின் விளையாட்டு வீரர்களுக்கு உடை தைத்து அனுப்பும் இவ்வட்டாரம், விளையாட்டின் நினைவையும் காக்கும் தகுதி உடையது. கோவையிலும் திருப்பூரிலும், ஓய்வுபெற்ற ஆசிரியர், வக்கீல், மில் அதிகாரி ஆகியோரின் வீட்டுப் பரண்களிலும், பள்ளிக்கூடங்களின் சாமான் அறைகளிலும் இன்னும் எத்தனையோ மரமட்டைகள் கிடக்கக்கூடும். அவற்றை வைத்திருப்போர் விறகாக்கவும் வேண்டாம், சுவரில் ஆணியடித்து மாட்டவும் வேண்டாம். யாருடையது, எந்த ஆண்டினது என்று ஒரு சீட்டில் எழுதிவைத்து, நரம்பு கட்டி, ஆட ஆசைப்படும் ஒரு பிள்ளையின் கையில் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.