ஏப்ரல் வாசல்: ஜப்பானிய ஆட்சேர்ப்பும் வெளியே நின்ற தலைமுறையும்

ஆட்சேர்ப்பு பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை தகுதியானவரை எப்படிக் கண்டறிவது என்று கேட்கின்றன. யாரை, எந்த வயதில் விண்ணப்பிக்கவே விடுகிறோம் என்ற கேள்வி அதற்கும் முந்தியது. ஜப்பானின் அனுபவத்தை அந்தக் கேள்வியோடு வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஜப்பானியப் பெருநிறுவனங்கள் படிப்பை முடிக்கவிருக்கும் மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வந்துள்ளன. அக்டோபர் முதல் தேதி பணி உறுதி விழா. அடுத்த ஏப்ரல் முதல் தேதி, கறுப்புக் கோட்டு அணிந்த புதியவர்கள் வரிசையாக அமர்ந்திருக்க, நிறுவனத் தலைவர் வரவேற்புரை ஆற்றுவார். எந்தப் பிரிவு, எந்த ஊர் என்பது பலருக்கு அதன் பிறகுதான் தெரியும். ஆளை முதலில் சேர்த்துக்கொண்டு வேலையைப் பிறகு ஒதுக்கும் இவ்வழக்கத்தைத் தொழிலாளர் ஆய்வாளர் ஹமகுச்சி கெய்இச்சிரோ ‘உறுப்பினர் முறை’ என்று வகைப்படுத்தினார். பயிற்சி, துறை மாற்றம், பணிமூப்பு ஊதியம் எல்லாம் இதிலிருந்தே கிளைத்தவை. இதன் நன்மை பெரிது: அனுபவமே இல்லாத 22 வயது இளைஞருக்குப் பணம் செலவழித்துத் தொழில் கற்றுக்கொடுக்க நிறுவனங்கள் முன்வந்தன. இளைஞர் வேலையின்மை நெடுங்காலம் குறைவாக இருந்ததில் இதற்குப் பங்குண்டு.

ஆனால் வாசல் ஒன்றுதான். 1991-இல் பல்கலைக்கழகப் பட்டதாரிகளில் 81 விழுக்காட்டினர் நேரே வேலைக்குச் சென்றனர். 2003-இல் அது 55 ஆகச் சரிந்தது. பொருளாதார மந்தம் எந்த நாட்டுக்கும் வரும். ஜப்பானில் அதன் காயம் ஆறாமல் போனதற்குக் காரணம் ஆட்சேர்ப்பு விதி. படிப்பை முடிக்கும் ஆண்டில் இடம் கிடைக்காதவர் மறு ஆண்டு ‘புதுப் பட்டதாரி’ அல்லர். அந்த வரிசையில் அவருக்கு இடமில்லை. அதற்கு அஞ்சி, தேறத் தகுதியிருந்தும் இன்னோர் ஆண்டுக் கட்டணம் கட்டி மாணவராகவே நீடித்தவர்கள் உண்டு. மற்றவர்கள் பகுதிநேர, ஒப்பந்த வேலைகளுக்குப் போனார்கள். அங்கே பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாததால் நிரந்தர வேலையும் இல்லை.

சட்டமும் இதை அசைக்கவில்லை. 2007-இல் ஆட்சேர்ப்பில் வயது வரம்பு தடைசெய்யப்பட்டது. நீண்டகாலப் பணிவளர்ச்சிக்காக இளையோரைச் சேர்ப்பதற்கு விலக்கு அளித்தார்கள். வழக்கத்தின் உயிர்நாடியே அந்த விலக்குதான். பட்டம் பெற்று மூன்றாண்டு வரை புதியவராகக் கருதுங்கள் என்று 2010-இல் அரசு வழிகாட்டியபோது, 1990-களில் படிப்பை முடித்தவர்கள் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

2019-இல் ஹியோகோ மாகாணத்தின் தகராசுகா நகராட்சி, அப்படி வாசலுக்கு வெளியே நின்ற தலைமுறையினருக்கென்றே மூன்று இடங்களை அறிவித்தது. விண்ணப்பித்தவர்கள் 1,800-க்கும் மேல். இத்தனை பேரும் தகுதியற்றவர்கள் என்று எந்தத் தேர்வாளரால் சொல்ல முடியும்? நிறுவனங்களும் இழந்தன. அன்று ஆள் எடுக்காத ஆண்டுகள் இன்று நடுநிலை மேலாளர் வரிசையில் பள்ளமாகத் தெரிகின்றன.

இப்போது ஹிட்டாச்சி, ஃபுஜிட்சு போன்றவை, பணியை வரையறுத்து அதற்கேற்ற ஆளைத் தேடும் முறைக்கு நகர்கின்றன. பலர் இதையே தீர்வாகக் கொண்டாடுகிறார்கள். என்னால் முழுதும் உடன்பட இயலவில்லை. ‘இதுவரை என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கும் முறை அது. செய்யும் வாய்ப்பே மறுக்கப்பட்டவரிடம் அக்கேள்வி பழைய கதவடைப்பையே மீண்டும் நிகழ்த்துகிறது.

15 முதல் 64 வயதுக்குட்பட்ட ஜப்பானியர் 1995-இல் ஏறத்தாழ 8.7 கோடி, 2023-இல் சுமார் 7.4 கோடி. ஆள் பற்றாக்குறை இப்படி இறுகும்போது, 22 வயதுக்காரருக்குத் தரும் பயிற்சியையும் பதவி உயர்வுப் படிகளையும் 45 வயதில் நுழைபவருக்கும் தருவதுதான் உண்மையான சீர்திருத்தம். ‘இந்த ஆண்டு தேர்ச்சி பெற்றவர்கள் மட்டும்’ என்று வளாகத் தேர்வு விளம்பரம் செய்யும் இந்திய மென்பொருள் நிறுவனங்களும் அந்த வரியை இப்போதே நீக்கலாம்.