சுழியோடியின் மணிக்கூடு

புத்தகத்தில் கைக்கடிகாரம் என்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் வாயால் சொல்வது மணிக்கூடுதான். பெரியகடைப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேலாக மணிக்கூடு திருத்துகிறேன். ஆழ்கடல் மணிக்கூடு என்றதும் எனக்கு நினைவில் வருவது குருநகர்ச் சுழியோடி ஒருவர் கட்டியிருந்த சீக்கோ.

எங்கள் கரையில் சங்கு குளித்த பழைய ஆட்களுக்கு மணிக்கூடு தேவைப்படவில்லை. ஒரு மூச்சுப் பிடித்து இறங்குவார்கள். வள்ளத்தில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்தால் இழுப்பார். நேரத்தைச் சொன்னது நெஞ்சுதான். அப்படி எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய்ப் பெண்களின் வளையலானது.

முதுகில் காற்றுச் சிலிண்டர் ஏறியபின் கதை மாறியது. ஆழத்தில் நெடுநேரம் நின்றால் நைதரசன் இரத்தத்தில் கரையும். அவசரமாக மேலே வந்தால் அது குமிழியாகி மூட்டைப் பிடிக்கும், காலை விழுத்தும். அப்படிக் கால் இழுத்து நடந்தவர்களைக் கண்டிருக்கிறேன். மணிக்கூட்டின் வெளிவளையம் இருப்பது இதற்காகத்தான். குதிக்குமுன் அதன் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பிவிட்டால், இறங்கி எத்தனை நிமிடம் என்று அடியில் ஒரு பார்வையில் தெரியும். 1953இல் பிளாங்பானும் ரோலெக்ஸும் இப்படிச் சுழலும் வளையத்தோடு மணிக்கூடு செய்தன. 1965இல் சீக்கோ 150 மீற்றர் தாங்கும் ஜப்பானின் முதலாவது ஆழ்கடல் மணிக்கூட்டைச் செய்தது.

எங்களிடம் வந்தவை பெரும்பாலும் சீக்கோ. 1977க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு. பிறகு சவூதி, குவைத் போனவர்கள் கொண்டுவந்தார்கள், அனுப்பினார்கள். 1990இல் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பற்றறியும் தடைப்பட்ட பொருள். குவார்ட்ஸ் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்று எங்கள் கடை லாச்சியில் குவிந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. கை அசைவில் ஓடும் ஓட்டோமெட்டிக் மட்டும் நிற்கவில்லை. அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

சுழியோடியின் மணிக்கூடு 6309 வகை, 1976 முதல் 1988 வரை செய்தது. பின்மூடியில் ஒரு கடலலை. தொடர் இலக்கம் 13 என்று தொடங்கியது: முதல் இலக்கம் வருடம், அடுத்தது மாதம். 1981 மார்ச். சாவிக்குமிழ் 4 மணிப் பக்கம் இருக்கும், மணிக்கட்டில் குத்தாது. சாவி கொடுக்கவும் முடியாது, குலுக்கித்தான் ஓட வைக்க வேண்டும். இரவில் ஒளிரும் பொட்டுகள் பழுத்துச் சந்தன நிறமாகியிருந்தன. வளையத்தின் கறுப்பு உப்பிலும் வெயிலிலும் சாம்பலாகியிருந்தது.

2003இல் கொண்டுவந்தார். "தம்பி, கொஞ்சம் பிந்தி ஓடுது, ஒருக்காப் பாரும்."

கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவர் சந்தோசப்படுவார் என்று கேஸைப் பொலிஷ் சில்லில் பிடித்தேன். கூரான விளிம்புகள் மழுங்கின. வள்ளத்து விளிம்பில் உரசி உரசி விழுந்த கோடுகள் போயின. அவர் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் கிடக்கு. ஆனா என்ரை மாதிரி இல்லை, தம்பி."

"பிழை என்ரைதான், அண்ணை" என்றேன்.

சேகரிப்பவர்கள் விலை கொடுப்பதும் நான் அன்று அழித்ததற்குத்தான் என்று பிறகு அறிந்தேன். மழுங்காத விளிம்பு, தொழிற்சாலையில் அச்சான முகம், முள்ளிலும் முகத்திலும் ஒரே நிறமாகப் பழுத்த பொட்டு. ரோலெக்ஸ் 1680இல் சப்மரீனர் என்ற சொல் வெள்ளையில் இருப்பதைவிடச் சிவப்பில் இருந்தால் விலை கூட. சங்கு வியாபாரம் தெரிந்தவருக்கு இது புதினமில்லை. வலம்புரியும் அதே சங்குதான், சுழி மட்டும் மறுபக்கம். இந்தியாவில் மறுபடி பூச்சடித்த முகங்களும் சந்தைக்கு வருகின்றன. பூதக்கண்ணாடியில் எழுத்து தடித்துத் தெரிந்தாலே நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சுழியோடி இப்போது இல்லை. மணிக்கூடு கனடாவில் மகனின் கையில். போன வருடம் வந்தவர் மேசையில் வைத்துவிட்டு, "வெளியிலை ஒண்டும் தொடாதேங்கோ, அண்ணை" என்றார். பின்மூடியைத் திறந்து, காய்ந்திருந்த ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றி மூடினேன். இரண்டு தரம் குலுக்கினேன். விநாடி முள் ஓடத் தொடங்கியது.